கொழும்பில் பேச அழைப்பு வர வேண்டுமா? இணையத்தில் உங்களைக் கண்டுபிடிக்க வைக்கும் முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு பேச்சாளரை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் யூடியூப் சனல் தொடங்கினாலும், முகநூலில் தினமும் எழுதினாலும் பெரிதாகப் பிரயோசனமில்லை.

ஒரு பழைய மாணவர் சங்கம், அல்லது ஒரு வங்கியின் தமிழ் ஊழியர் மன்றம், அல்லது ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் விழா வைக்கத் தீர்மானிக்கிறது. செயற்குழு கூடுகிறது. மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாம் பேசி முடித்த பிறகு "பேச்சாளர் யார்?" என்ற கேள்வி வருகிறது. யாரோ ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. "ஆள் எப்படிப் பேசுவார்? எவ்வளவு நேரம் எடுப்பார்? சனம் எழும்பிப் போயிடாதே?" என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னவர் போனை எடுத்துத் தேடுகிறார், கிடைத்ததைக் குழுவின் வட்ஸ்அப்பில் போடுகிறார், எல்லோரும் இரண்டு மூன்று நிமிடம் பார்க்கிறார்கள், முடிவு அங்கேயே எடுக்கப்படுகிறது. ஒன்றும் கிடைக்காவிட்டால் போன வருடம் வந்தவரையே திரும்பக் கூப்பிடுவார்கள்.

நான் மேடையிலும் நின்றிருக்கிறேன், இப்படியான குழுக்களிலும் பல வருடமாக இருந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: உங்கள் பெயரைச் சொல்பவர் தன் பெயரையும் சேர்த்துத்தான் அந்த மேசையில் வைக்கிறார். நீங்கள் சொதப்பினால் அடுத்த கூட்டத்தில் அவர்தான் பேச்சு வாங்க வேண்டும். அதனால் நீங்கள் இணையத்தில் செய்யும் ஒவ்வொன்றும் அந்த ஒரு மனிதருக்கு உதவ வேண்டும். ஆயிரம் லைக் தேவையில்லை. அவர் துணிந்து அனுப்பக்கூடிய ஒரு இணைப்பு வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அதை நோக்கியே போகின்றன.

முதலாவது படி: எதைப் பற்றி, யாருக்கு

"ஊக்குவிப்புப் பேச்சாளர்" என்று தங்களைக் குறிப்பிடுவோர் முகநூலில் நிறையப் பேர். ஏற்பாட்டாளருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்குவதில்லை. அவருடைய கையில் ஒரு குறிப்பிட்ட கூட்டம் இருக்கிறது, பெற்றோர், கடைக்காரர், உயர்தர மாணவர், ஓய்வு பெற்றவர்கள் என்று. அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கணக்காளர் "நிதி முகாமைத்துவம்" என்று எழுதினால் எந்தச் சங்கமும் திரும்பிப் பார்க்காது. "புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர் முதன்முதலாக வரிக் கோவை திறக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை" என்று எழுதினால், வர்த்தகர் சங்கச் செயலாளருக்கு அந்த வரியைப் படிக்கும்போதே தன் உறுப்பினர்களின் முகம் கண்ணுக்குள் வந்துவிடும். ஒரு தாதி "ஆரோக்கிய வாழ்வு" என்பதற்குப் பதிலாக "நீரிழிவு இருக்கிற வீட்டில் பொங்கலும் தீபாவளியும்: என்ன சமைக்கலாம், எவ்வளவு சாப்பிடலாம்" என்று வைக்கலாம். ஆசிரியர் ஒருவருக்கு "புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையிடம் அன்று இரவு என்ன பேசுவது" என்ற தலைப்பு போதும், ஐந்தாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டம் எங்கே நடந்தாலும் அவருக்கு இடமுண்டு.

இப்படி மூன்று தலைப்புகள் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: கேட்டுவிட்டுப் போகிறவர் கையோடு எதைக் கொண்டு போவார், எவ்வளவு நேரம். நேரத்தைக் கட்டாயம் போடுங்கள். 20 நிமிட உரை, 45 நிமிடமும் கேள்வி பதிலும், இரண்டு மணித்தியாலச் செயலமர்வு என்று வகை பிரித்து எழுதினால், நிகழ்ச்சி நிரல் போடுகிறவருக்கு அது பெரிய உதவி. தமிழ் மேடையில் 15 நிமிடம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசுபவர்கள்மீது ஏற்பாட்டாளர்களுக்கு இருக்கிற பயம் கொஞ்ச நஞ்சமல்ல. நேரத்தை எழுதி வைத்திருப்பவர் அதைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை தானாக வருகிறது.

இலக்கிய மேடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடக்கம் கோயில் நவராத்திரி மேடை வரை, பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சுழலும் சொற்போர் எல்லாம் பெரும்பாலும் தெரிந்த முகங்களை வைத்தே நடக்கின்றன. புதியவர் நுழைய வேண்டுமென்றால் "நான் பட்டிமன்றம் பேசுவேன்" என்று எழுதினால் போதாது. எதிரணி சொன்ன ஒரு வாதத்தை அந்த இடத்திலேயே பிடித்துத் திருப்பி அடிக்கும் ஒரு துண்டுக் காணொளி காட்ட வேண்டும். மனப்பாடம் செய்த பேச்சை எவரும் பேசலாம் என்று நடுவர்களுக்குத் தெரியும், அவர்கள் பார்ப்பது அந்தத் திருப்பத்தைத்தான்.

மொழியையும் வெளிப்படையாக எழுதுங்கள். கொழும்பில் ஒரே மண்டபத்தில் மூன்று மொழிக்காரரும் இருப்பார்கள். தமிழில் உரை, ஆங்கிலத்தில் உரை, சிங்களத்தில் கேள்விக்குப் பதில் மட்டும், இப்படி எது முடியுமோ அதை உள்ளபடி சொன்னால் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்காரர் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

இரண்டாவது படி: உங்கள் பெயர்

இது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் பலருடைய அழைப்பு இங்கேதான் தொலைந்து போகிறது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். சிவகுமார் என்பதற்கே மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் உண்டு. அதற்கு முன்னால் அப்பாவின் பெயர் சில இடத்தில் முதலெழுத்தாக, சில இடத்தில் முழுதாக, சில இடத்தில் பின்னால் குடும்பப் பெயர் போல. உங்கள் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த ஒருவர் அடுத்த நாள் தேடினால் வேறு யாரோ வருவார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு வடிவம், தமிழில் ஒரு வடிவம் என்று முடிவு செய்யுங்கள். லிங்க்ட்இன், முகநூல், யூடியூப், மின்னஞ்சல், பத்திரிகைக் கட்டுரை எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். பிறகு, உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறிய நிலையில், இரண்டு எழுத்திலும் கூகிளில் தேடிப் பாருங்கள். அதே பெயரில் வேறு பிரபலமானவர் இருந்தால் பெயரோடு துறையையும் சேர்த்துப் பாவியுங்கள்.

மூன்றாவது படி: காணொளி. அதிக நேரத்தை இங்கேயே செலவழியுங்கள்

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இரண்டரை மூன்று நிமிடம், வெட்டாத ஒரே துண்டு, உண்மையான ஆட்கள் முன்னால் நீங்கள் பேசுவது.

வெட்டாமல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னணி இசை, பறக்கும் எழுத்துகள், அரை செக்கனுக்கு ஒரு காட்சி என்று விளம்பரம் போலச் செய்த காணொளியைப் பார்த்தால் குழுவில் யாராவது "இது எடிட்டிங், ஆள் எப்படியோ" என்பார்கள். மூன்று நிமிடம் இடைவிடாமல் நீங்கள் ஒரு கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எந்த மூன்று நிமிடம்? தொடக்கத்தை எடுக்காதீர்கள். நம் மேடைகளில் தலைவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், அதிபர், ஆசிரியர், பெற்றோர் என்று வணக்கம் சொல்லி முடிக்கவே நேரம் போய்விடும். பேச்சின் நடுவில் ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்குகிற இடத்திலிருந்து எடுங்கள், சபை சிரிக்கிற அல்லது அமைதியாகிற இடம் அதற்குள் வர வேண்டும். முதல் பத்துச் செக்கனில் பார்ப்பவருக்கு "பிறகு என்ன நடந்தது?" என்று தோன்ற வேண்டும்.

இனி எடுப்பது எப்படி. விலை உயர்ந்த கமரா வேண்டாம், இன்றைய போன் தாராளமாகப் போதும். படத்தைவிடச் சத்தம்தான் கவனம். கடைசி வரிசையில் இருந்து எடுத்தால் மின்விசிறிச் சத்தமும், மண்டப எதிரொலியும், பக்கத்தில் இருப்பவர் சோடா குடிக்கிற சத்தமும்தான் வரும். இப்படிச் செய்யுங்கள்: ஒரு போன் மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, தாங்கியில் கிடையாக நிற்கட்டும். இன்னொரு போனில் குரல் பதிவை ஓட விட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, சட்டைப்பைக்குள் வையுங்கள். கிளிப் போல் குத்துகிற சின்ன மைக் இருந்தால் அதை அந்தப் போனில் இணைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஓடும்போது ஒரு தடவை கை தட்டுங்கள். பிறகு அந்தத் தட்டல் சத்தத்தை வைத்துக் காணொளியையும் குரலையும் ஒன்றாகப் பொருத்திவிடலாம், போனிலேயே இதைச் செய்ய இலவசச் செயலிகள் இருக்கின்றன. சேலை உடுத்தியிருந்தால் மைக்கைத் தோள்பட்டையில் ஊசி குத்துகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே குத்துங்கள், சங்கிலியில் படாமல். பட்டுச் சேலையின் மடிப்பு மைக்கில் உரசினால் மூன்று நிமிடமும் சரசர என்றுதான் கேட்கும், அதனால் முதல் நாளே உடுத்தி, நடந்து, கையை உயர்த்திப் பேசிப் பாருங்கள்.

வெளிச்சம்: பின்னால் யன்னல் திறந்திருந்தால் உங்கள் முகம் கறுத்துப் போகும், மூடச் சொல்லுங்கள். பின்னால் பளபளக்கும் பதாகை இருந்தால் ஒரு அடி முன்னால் வந்து நில்லுங்கள். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் நிற்காதீர்கள்.

சபையோரும் சில செக்கன் தெரிந்தால் நல்லது. அதற்கு ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பாடசாலை என்றால் பிள்ளைகளின் முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுப்பதே சரி, 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பது ஒரு பக்கம், எந்த அதிபரும் இதைக் கவனிக்கிற பேச்சாளரை மறக்க மாட்டார் என்பது இன்னொரு பக்கம்.

"எனக்கு இன்னும் மேடையே கிடைக்கவில்லையே, காணொளிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினைந்து பேர் இருந்தால் அது மேடைதான். கோயில் அறநெறிப் பாடசாலை, வேலைத்தளத்தில் மதிய இடைவேளை, மாடிவீட்டுத் தொகுதியின் பொது அறை, நூலக வாசகர் வட்டம் என எதுவும் சரி. மேடைப் பேச்சுப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் இன்னொரு நல்ல வழி. 1924 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்த இயக்கத்துக்குக் கொழும்பில் நிறையக் கழகங்கள் இருக்கின்றன, முதலில் விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். 2014 இல் அதன் உலகப் பேச்சுப் போட்டியில் வென்றவர் தனஞ்சய ஹெட்டியாராச்சி, நம் நாட்டுக்காரர். அந்த உரை யூடியூபில் கிடைக்கிறது, சபை எந்த இடத்தில் அவரோடு சேர்ந்துகொள்கிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. வீட்டு அறையில் தனியாகக் கமராவைப் பார்த்துப் பேசும் காணொளி மட்டும் இந்த இடத்தை நிரப்பாது. அதில் நீங்கள் ஒரு கூட்டத்தைச் சமாளிப்பீர்களா என்பது தெரியாது.

யூடியூபில் ஏற்றும்போது தலைப்பில் உங்கள் பெயர், விடயம், எத்தனை நிமிடம். விளக்கத்தின் முதல் இரண்டு வரியிலேயே உங்கள் பக்கத்தின் முகவரி. முழு உரையும் இருந்தால் தனிக் காணொளியாக ஏற்றி, விளக்கத்தில் நேரக்குறிப்புகள் போடுங்கள். முதலாவது குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு, ஒவ்வொரு பகுதியும் பத்துச் செக்கனுக்குக் குறையக்கூடாது, அப்போதுதான் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். ஆங்கில வசன வரிகளும் சேருங்கள். முடிவெடுக்கும் முகாமையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவருடைய தமிழ் ஊழியர்களுக்குத்தான் நிகழ்ச்சி.

அப்புறம், காணொளியை வட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பாதீர்கள். தரம் குறைந்துவிடும், இரண்டு பேர் தாண்டிப் போனதும் யாருடையது என்றே தெரியாது. இணைப்பை அனுப்பினால் பெயரும் படமும் கூடவே பயணிக்கும்.

நான்காவது படி: எல்லாம் இருக்கிற ஒரே ஒரு பக்கம்

இலவசமாகக் கூகிள் சைட்ஸில் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் உங்கள் பெயரில் டொட் எல்கே முகவரி எடுங்கள். தமிழிலேயே ".இலங்கை" என்று முடியும் முகவரிக்கும் 2010 இல் அங்கீகாரம் கிடைத்தது. எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் அழைப்பிதழில் போடவும் போனில் தட்டவும் ஆங்கில முகவரியே இலகு, இரண்டும் எடுத்தால் ஒன்றை மற்றதுக்குத் திருப்பி விடுங்கள்.

பக்கத்தின் மேலே அந்த மூன்று நிமிடக் காணொளி. அதன் கீழே மூன்று தலைப்புகள். பிறகு எங்கே பேசினீர்கள், மொழி, தொடர்பு இலக்கம். "என்னைப் பற்றி" என்ற நீண்ட வாழ்க்கை வரலாறு வேண்டாம். அதற்குப் பதிலாக அறிவிப்பாளர் மேடையில் அப்படியே வாசிக்கக்கூடிய ஒரு அறிமுகம் எழுதுங்கள், ஐம்பது சொல்லில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று. வாய்விட்டு வாசித்துப் பார்த்து, மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். இப்படி இருக்கலாம்:

"இன்று நம்மோடு பேச வந்திருப்பவர் பதினெட்டு வருடமாக நீரிழிவு நோயாளர்களைப் பராமரிக்கும் ஒரு தாதி. மருந்துச் சீட்டில் எழுதாத விடயங்களைத்தான் வீட்டுக்காரர்கள் தன்னிடம் அதிகம் கேட்கிறார்கள் என்று சொல்வார். அந்தக் கேள்விகளைத்தான் இன்று கொண்டு வந்திருக்கிறார். நேரம் முப்பது நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் உங்களுடையது."

இதில் பட்டங்களின் வரிசை இல்லை, பாருங்கள். சபைக்கு ஏன் கேட்க வேண்டும் என்ற காரணம் மட்டும் இருக்கிறது. பட்டங்கள் பக்கத்தின் அடியில் இருக்கட்டும், தேவையானவர் பார்ப்பார்.

புகைப்படம்: சாதாரணப் பின்னணி, நெஞ்சுக்கு மேலே, முழுத் தரத்தில், தரவிறக்கக்கூடியதாக. கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிய தலையை வைத்துப் பதாகை அடித்தால் எப்படி வரும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, அச்சகத்துக்காரர்கள் பலர் இன்றும் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். நீங்கள் யுனிகோடில் அனுப்பிய பெயர் அங்கே திரும்பத் தட்டச்சு செய்யப்படும்போது ஒரு கொம்போ ஒரு புள்ளியோ காணாமல் போகும். அதனால் உங்கள் பெயரும் தலைப்பும் சரியாக எழுதப்பட்ட ஒரு படத்தையும் பக்கத்தில் வையுங்கள், "இதைப் பார்த்து ஒப்பிடவும்" என்று. பதாகையில் பெயர் பிழையில்லாமல் வந்தால் ஏற்பாட்டாளருக்கு ஒரு தலையிடி குறைவு.

ஐந்தாவது படி: எந்தத் தளத்தில் இருப்பது

நிறுவனங்களும் தொழில்சார் அமைப்புகளும் உங்களை லிங்க்ட்இன்னில் தேடும். அங்கே பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்துவரை இடமுண்டு. பதவியை மட்டும் எழுதி விடாமல், யாருக்கு எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்பதையும் அதில் சேருங்கள். சிறப்புப் பகுதியில் காணொளியை வையுங்கள்.

பழைய மாணவர் சங்கம், கோயில், பாடசாலை, ஊர்ச்சங்கம் எல்லாம் முகநூலில்தான். செயலாளர் உங்கள் காணொளியைப் பார்த்த கையோடு உங்கள் பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்ப்பார், அதை மறக்காதீர்கள். தேர்தல் காலத்தில் யாரோடோ போட்ட சண்டை, இன்னொரு பேச்சாளரைக் கிண்டலடித்த பதிவு எல்லாம் அங்கே இருக்கும். கருத்தே சொல்லாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எவரையும் இழிவுபடுத்தாமல் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். உங்களை மேடையேற்றுகிறவர் தன் சபைக்கு முன்னால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

வட்ஸ்அப்பில் வணிகக் கணக்கு இலவசம். சுயவிவரத்தில் பக்கத்தின் முகவரி போட்டால் போதும். டிக்டொக், இன்ஸ்டகிராம் பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள், இளைஞர் அமைப்புகள் தவிர வேறு எவரும் அங்கே தேடிக் கண்டதில்லை. பின்தொடர்வோரைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள், பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் பதிவுக்கு நான்கு லைக் என்றால் எவருக்கும் விளங்கும்.

பத்திரிகையையும் விட்டுவிடாதீர்கள். 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் இன்றும் செயற்குழுவின் மூத்தவர்கள் நம்புகிற பெயர்கள். உங்கள் தலைப்புகளில் ஒன்றை ஞாயிறு இதழுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள், வெளிவந்தால் அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போடுங்கள். தமிழ் வானொலிக் காலை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் அப்படியே.

ஆறாவது படி: என்ன எழுதுவது, எப்போது எழுதுவது

வாரம் ஒன்று போதும். காலை வணக்கப் படம், பொன்மொழி எதுவும் வேண்டாம். உங்கள் உரையில் வரும் ஒரு கேள்வியை எடுத்து முழுமையாகப் பதில் எழுதுங்கள். பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது உங்களிடம் வந்து தனியாகக் கேட்பார்களே, அந்தக் கேள்விகள்தான் சிறந்தவை. ஆளை அடையாளம் காட்டாமல் எழுதுங்கள்.

எப்போது என்பது இன்னும் முக்கியம். மார்ச் 8 மகளிர் தினத்துக்குப் பேச்சாளர் தேடுவது ஜனவரியில் தொடங்குகிறது. நமக்குச் சிறுவர் தினம் ஒக்டோபர் 1, ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6, அதையொட்டி நவராத்திரி, பிறகு நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். எந்த நாள் உங்கள் விடயத்தோடு சேர்கிறதோ அதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்த விடயத்தை எழுதத் தொடங்குங்கள். அன்றைய தினமே வாழ்த்துப் பதிவு போட்டால் அதற்குள் வேறொருவர் மேடையில் இருப்பார்.

ஏழாவது படி: கதவைத் தட்டுவது

பக்கம் தயாரான பிறகு அழைப்பு தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பட்டியல் எழுதுங்கள். ரோட்டரிக் கழகங்கள் அடிக்கடி கூடுகின்றன, விருந்தினர் பேச்சாளர் அவர்களுக்கு எப்போதும் தேவை. கொழும்பு ரோட்டரிக் கழகம் 1929 முதல் இருக்கிறது, அதைத் தவிர நகரெங்கும் பல கழகங்கள். லயன்ஸ், கணக்காளர், பொறியியலாளர் அமைப்புகளின் மாணவர் பிரிவுகள், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளின் தமிழ் மன்றங்கள், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள். ஒவ்வொன்றிலும் இந்த வருடச் செயலாளர் யார் என்று அவர்களின் முகநூல் பக்கத்தில் பாருங்கள், பதவி வருடாவருடம் மாறும்.

டெட்எக்ஸ் பற்றிப் பலர் கனவு காண்கிறார்கள், நல்லதுதான். 'டெட்' என்ற உலக உரை அமைப்பிடம் உள்ளூர்க்காரர்கள் உரிமம் பெற்று நடத்தும் இந்த நிகழ்ச்சிகள் 2009 இல் தொடங்கின. பேச்சுக்கு உச்ச அளவு 18 நிமிடம், பேச்சாளருக்குப் பணம் இல்லை. அவர்கள் தேடுவது ஆளை அல்ல, ஒரு புதிய கருத்தை. அதனால் விண்ணப்பத்தில் உங்கள் வரலாற்றை எழுதாமல் அந்தக் கருத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.

முதல் செய்தி எப்படி இருக்க வேண்டும்? பழைய மாணவர் சங்கச் செயலாளருக்கு இப்படி:

"வணக்கம் அண்ணா. போன வருடம் உங்கள் சங்கம் நடத்திய உயர்தர மாணவர் வழிகாட்டல் நிகழ்ச்சியை முகநூலில் பார்த்தேன், பெற்றோரையும் கூப்பிட்டிருந்தது நல்ல யோசனை. நான் வங்கியில் வேலை செய்கிறேன். 'கடன் எடுத்துப் படிக்கலாமா' என்று பெற்றோரோடு 30 நிமிடம் பேசுகிறேன், தமிழில். மூன்று நிமிடக் காணொளி இந்த இணைப்பில் இருக்கிறது. இந்த வருட நிகழ்ச்சிக்குப் பொருந்தும் என்று நினைத்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பணி தொடரட்டும்."

இது ஒரு போன் திரைக்குள் அடங்குகிறது. அவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. குழுவில் அப்படியே முன்னனுப்பலாம். அதிபருக்கோ மூத்தவருக்கோ எழுதினால் ஐயா, அம்மா, நிறுவனத்தில் சேர், மிஸ், எப்படி நேரில் அழைப்பீர்களோ அப்படியே. பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை மட்டும் நினைவூட்டுங்கள்.

எட்டாவது படி: பேசிய பிறகு

அன்றிரவே நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். மறுநாள், சூடு ஆறுமுன், மூன்று விடயம் கேளுங்கள்: படங்கள், பதிவு இருந்தால் அதன் பிரதி, பக்கத்தில் போடுவதற்கு அவருடைய பெயரோடு இரண்டு வரி. "நல்ல பேச்சு" என்று எழுதினால் பயனில்லை, அதனால் "முடிந்த பிறகு உங்கள் உறுப்பினர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள், அப்போது உண்மையான வாக்கியம் வரும். நிறுவனமென்றால் லிங்க்ட்இன்னில் பரிந்துரையாக எழுதச் சொல்லலாம்.

பக்கத்தில் திகதியோடு சேருங்கள். கடைசி நிகழ்ச்சி மூன்று வருடத்துக்கு முன் என்று தெரிகிற பக்கம் இல்லாத பக்கத்தைவிட மோசம்.

பணமும், கடல் கடந்த மேடைகளும்

பொன்னாடையும் நினைவுச்சின்னமும் நம் மரபு, மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். என் கருத்து இது: பாடசாலை, கோயில், ஊர்ச்சங்கம் என்றால் இலவசம், தூரமென்றால் போக்குவரத்துச் செலவு. நிறுவனம் தன் ஊழியருக்குப் பயிற்சி கேட்டால் கட்டணம், முதல் பதிலிலேயே எழுத்தில். தொகையைப் பக்கத்தில் போட வேண்டாம், "நிறுவனப் பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு" என்ற ஒரு வரி போட்டால் போதும், கேட்பவருக்கும் சங்கடம் இல்லை.

உங்கள் காணொளி நன்றாக இருந்தால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூமில் பேசக் கேட்பார்கள், இது கற்பனையல்ல, புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஊரிலிருந்து பேச்சாளர் தேடிக்கொண்டேயிருக்கின்றன. பக்கத்தில் "இணையவழியிலும் பேசுவேன்" என்று எழுதி வையுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் கேட்கப் போகிறார்களா, பெரியவர்களா என்று முதலில் கேளுங்கள், பிள்ளைகள் என்றால் தமிழை எளிமையாக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. ரொறன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அங்கே சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் கொழும்பில் ஞாயிறு விடிகாலை. மார்ச், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. அழைப்பிதழில் இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு போடச் சொல்லுங்கள், முதல் நாள் அதே போனில் அதே இடத்தில் இருந்து ஏற்பாட்டாளரோடு பத்து நிமிடம் பேசிச் சத்தத்தைச் சரிபாருங்கள், மின்வெட்டு வந்தால் தொடர இன்னொரு போனில் டேட்டா போட்டு வைத்திருங்கள்.